குகையில்லா மாவட்டத்தின் குகைக் கழகம்

கடலூர் மாவட்டத்தில் எல்லாம் உண்டு. கடல் உண்டு, ஆறு உண்டு, முந்திரி உண்டு, பலா உண்டு, அழைக்காமலே வந்து தங்கிப்போகும் புயல் உண்டு. குகை என்று சொல்லிக்கொள்ளத்தான் ஒன்றுமில்லை. அதனால்தான் கடலூர் குகை அளவைக் கழகத்தை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. குகை இருக்கிற ஊரில் குகைக் கழகம் வைக்க யாராலும் முடியும்.

நான் இந்தக் கழகத்தின் செயலாளர். கூட்டத்துக்கு நாற்காலி போடுவதும், தலைவர் பேசி முடித்ததும் அதே நாற்காலிகளை மடக்கி வைப்பதும் என் பொறுப்பு. இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் நேரத்தில் நன்றாகத் தூங்கலாம்.

தலைவர் பொன்னுரங்கம், நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மாவட்டத்தில் சங்கிலி பிடித்து அளக்காத வயல் கிடையாது என்பார். ஓய்வு பெற்ற பிறகு மேல் உலகத்தில் அளப்பதற்கு மிச்சம் எதுவுமில்லாததால் கீழ் உலகத்துக்கு இறங்கினார் என்பது அவரே மேடையில் சொல்லும் விளக்கம். கழகம் தொடங்கிய நாளிலிருந்து பட்டுச் சட்டைதான் போடுவார். சட்டையின் இடப்பக்கம் ‘தலைவர்’ என்று பொன்னெழுத்தில் ஒரு பேட்ஜ். பின் குத்தினால் பட்டில் ஓட்டை விழும் என்று, பின் இல்லாமலே சட்டையில் நிற்கும் நவீன வகையைப் புதுச்சேரியில் சொல்லிச் செய்து வாங்கியிருந்தார். செயலாளருக்குப் பேட்ஜ் இல்லை. நாற்காலி தூக்குகிறவனைப் பார்த்தாலே தெரியும் என்று விட்டிருப்பார்.

கழகத்தின் உயிர் அமீருன்னிசா. சிதம்பரத்தில் கணக்கு டீச்சர். கடலூர் பழைய நகரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறார். அடக்கம் என்ற குணம் அவரிடம் இருப்பதாக இதுவரை யாரும் புகார் சொன்னதில்லை. “இந்த ஜில்லாவுலயே என்னைய மாதிரி குகை வரையிறவங்க யாருமில்ல” என்பார். உண்மைதான். வேறு யாரும் வரைவதே இல்லை.

குகைக்குள் அளப்பது இப்படி. ஓரிடத்தில் நின்று, எதிரே இன்னோர் இடத்தைக் குறிவைத்து, உள்ளங்கை அளவு லேசர் கருவியை அழுத்தினால் அது தூரத்தையும் திசையையும் சரிவையும் சொல்லிவிடும். அது சொல்வதைக் கம்பியில்லாமல் வாங்கித் திரையில் கோடாகப் போடுவதற்கு இன்னொரு கைக்கருவி வேண்டும். அந்தக் கோட்டைச் சுற்றிச் சுவர், பாறை, தண்ணீர் என்று கண்ணில் படுவதையெல்லாம் வரைவதற்கு ஓர் ஆள் வேண்டும். லேசர் பிடிப்பவர் சேரன். சிதம்பரம் பஸ் நிலையத்தருகே செல்போன் கடை வைத்திருக்கிறார், தலைவருக்கு அக்கா மகன். வரைவது டீச்சர்.

போன வருடம் இருவரும் மேகாலயா போனார்கள். அங்கே மைல் கணக்கில் குகைகள். அங்குள்ள குழு, வருகிற ஒவ்வோர் அணிக்கும் ஒரு கிளைக் குகையைப் பிரித்துக் கொடுக்கும். அளந்து முடித்தால் வரைபடத்தில் அணியின் பெயரும் வரைந்தவரின் பெயரும் ஏறும். எங்களுக்கும் ஒரு கிளை கிடைத்தது. டீச்சர் தன் செல்போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப்போய் வரைந்தார். கூரையிலிருந்து சொட்டிய தண்ணீர் திரையில் விழுந்து, தானே ஒரு படம் வரையத் தொடங்கியது. டீச்சர் ஒரு சுவர் போட்டால் தண்ணீர் மூன்று சுவர் போட்டது. பிறகு போன் கண்ணை மூடியது. ஒரு நாள் முழுக்கத் தவழ்ந்து வரைந்ததெல்லாம் போயிற்று.

அந்தக் குழுவின் தலைவி நல்ல மனுஷி. “உங்கள் கிளையை அடுத்த வருடம் வரை யாருக்கும் தரமாட்டேன். ஆனால் சரியான கருவியோடு வாருங்கள். உங்கள் ஊரில் ஒரு வட்டம் அளந்து, அது மூடியது என்று காட்டிவிட்டு வாருங்கள். இல்லாவிட்டால் விருந்தாளியாக வாருங்கள், கயிறு தூக்கலாம்” என்றார்.

வட்டம் மூடுவது என்றால், புறப்பட்ட புள்ளியிலிருந்து அளந்துகொண்டே சுற்றி, அதே புள்ளிக்கு வந்து சேர்வது. திரையிலும் கோடு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். சேராமல் பக்கத்து வீட்டில் போய் நின்றால் அளவு தப்பு.

டீச்சர் அந்த வருடம் முழுவதும் அந்தக் கிளையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்கு முக்கோணம் போடும்போதுகூடக் கரும்பலகை ஓரத்தில் அதன் வளைவு வந்து நின்றதாம்.

கருவி தேர்ந்தெடுக்கும் படலத்தைத் தலைவர் முறைப்படி தொடங்கி வைத்தார். அவருடைய தேர்வு ஒரு டேப்லெட். கைக்கருவி என்று பெயர்தானே தவிர, இட்லித் தட்டு அகலமும் அம்மிக்கல் கனமுமாக இருந்தது. சேரனின் கடைக்கு மாதிரி பார்க்க வந்திருந்தது அது. தலைவர் விளம்பரத் தாளை வைத்துக்கொண்டு கூட்டத்தில் வாசித்தார்.

“ராணுவத் தரம். லாரி ஏறுனாக்கூட உடையாது.”

“குகைக்குள்ள லாரி வராது தலைவரே” என்றார் டீச்சர்.

“உறைபனியிலயும் வேலை செய்யும்.”

“அது சரி. தண்ணியில?”

“முப்பது நிமிஷம் முழுகி இருக்கலாம்னு போட்டிருக்குது.”

“குடுங்க, குழாயில புடிச்சிப் பாக்குறேன்.”

தலைவர் டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “மாதிரிக்கு வந்த பொருளும்மா. தண்ணி காட்டக் கூடாது.” திரையின் மேல் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரித்திருக்கவில்லை.

“அது முழுகுனாலும் கெடாதுன்னு ஒத்துக்கிறேன். அத எப்பிடி ஒரு கையால புடிக்கிறது? மறு கையில பேனா, முழங்கைய ஊனித் தவழணும்.”

“சேரன் வரைவான். அவனுக்குத் தோளு அகலம்.”

சேரன் மேசையைப் பார்த்துக்கொண்டு, “மாமா, எனக்குக் கோழி வரையச் சொன்னாலே கொக்கு வரும்” என்றார்.

“பழகிக்குவ.”

இந்தக் கருவி போனால் டீச்சர் கயிறு தூக்கத்தான் போக வேண்டும் என்பது அந்த நிமிடம் எல்லோருக்கும் புரிந்தது. டீச்சருக்கு முதலில் புரிந்தது.

அவருடைய கருவி அவரைத் தேடிக்கொண்டு வீட்டு வாசலுக்கே வந்தது. ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் கூரியர்காரர் பார்சலோடு வந்து, உள்ளங்கையில் அடங்கும் ஒரு ஸ்கேன் மெஷினை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். குடோன்களிலும் கூரியர்களிலும் பார்கோடு படிக்க வைத்திருப்பார்களே, அது. கயிற்றில் ஒரு பேனா தொங்கியது. டீச்சர் கை ஈரம், அவர் கை அதைவிட ஈரம், திரையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கையெழுத்து மட்டும் பிசகாமல் விழுந்தது. டீச்சர் பார்சலை வாங்கவில்லை.

“மழையில இப்பிடித்தான் எழுதுமா?”

“தெனம் மழையிலதான்க்கா நிக்கிறேன். அதுவும் கூடவே நிக்கிது.”

“கீழ போட்டிருக்கிறீங்களா?”

“போடாத நாளு ஏதுக்கா? மொதல்ல பார்சல வாங்குங்க, நனையிது.”

மறுநாள் சேரன் கடைக்குப் போய், அதே வகையில் பழையது ஒன்றைத் தேடி எடுக்கச் சொன்னார். வந்தது. மூலையெல்லாம் சிராய்ப்பு, முதுகில் யாரோ கிழிக்க மறந்த ஒரு முகவரிச் சீட்டு. அளவைச் செயலியை அதில் ஏற்றினார்கள். லேசரோடு உடனே கைகுலுக்கிக்கொண்டது.

சோதனை வீட்டில் நடந்தது. விளக்கை அணைத்துவிட்டு, சாப்பாட்டு மேசைக்கடியில் தலைவிளக்கோடு தவழ்ந்து, சேறு பூசிய கையுறையோடு வரைந்தார். அவர் கணவர் நூருல் அமீன் குவளையால் மேலே தண்ணீர் ஊற்றினார்.

“இன்னும் ஊத்துங்க மச்சான். குகையில ஜாஸ்தி சொட்டும்.”

“ஊத்துறேன். நிக்காஹ் பேசுனப்ப இதையெல்லாம் யாரும் சொல்லலியே.”

“மெஷின் மேல ஊத்துங்க, என் கழுத்துக்குள்ள ஊத்தாதீங்க.”

“இருட்டுல எது மெஷின், எது நீன்னு தெரியல. ரெண்டும் பேசிக்கிட்டே இருக்குது.”

பேட்டரியைக் கழற்றி மாற்றிப் பார்த்தார். தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஈர மணலில் புதைத்து எடுத்து, அலையில் கழுவி, மறுபடி வரைந்து பார்த்தார். டீச்சர் என்னவோ தொலைத்துவிட்டார் என்று படகுக்காரர்கள் நினைத்துத் தேட வந்துவிட்டார்களாம்.

கூட்டத்தில் அதை வைத்தபோது தலைவர் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். “கூரியர்காரன் வச்சிருக்கிறதா? மேகாலயாவுல நம்ம மானம் என்னாவுறது?”

“மானம் வரைபடத்துல இருக்குது தலைவரே. டப்பாவுல இல்ல.”

கடைசியில் ஒரு முடிவு. இரண்டு கருவியையும் வைத்து ஒரே வட்டத்தை அளப்பது. எது சரியாக மூடுகிறதோ அது போகும். அதை வைத்து வரைகிறவர் போவார். டீச்சர் உடனே ஒத்துக்கொண்டார்.

இடம், நூருல் அமீன் குடும்பத்தின் பழைய சரக்குக் கிடங்கு. தரைக்கடியில் வளைவு வளைவாக அறைகள், ஓர் அறையில் நுழைந்து சுற்றிக்கொண்டு புறப்பட்ட வாசலுக்கே வரலாம். செங்கல்லும் சுண்ணாம்பும் தவிர வேறெதுவுமில்லை. இரும்பு அறவே கிடையாது. அதனால்தான் அதில் பயிற்சி செய்கிறோம். லேசருக்குள் இருப்பது திசைகாட்டி. பக்கத்தில் இரும்போ காந்தமோ இருந்தால் வடக்கு இடம் மாறிவிடும்.

இதற்காக எங்கள் கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாசலில் ஒரு பித்தளைத் தாம்பாளம். உள்ளே போகிறவர்கள் சாவி, பெல்ட், கடிகாரம், போன் எல்லாவற்றையும் அதில் போட வேண்டும். தாம்பாளத்துக்குப் பொறுப்பு தலைவர். கல்யாண வீட்டு வாசலில் சந்தனம் கொடுப்பவரின் கம்பீரத்தோடு நிற்பார்.

“செயலாளரே, பேனா?”

“பிளாஸ்டிக்குங்க.”

“ஸ்ப்ரிங்கு இருக்கும், போடுங்க. சேரா, பெல்ட்டு. டீச்சர், முக்காட்டுல அது என்னா பளபளன்னு?”

“சேப்டி பின்னு தலைவரே. இத்தினூண்டு.”

“இத்தினூண்டு இரும்புதான் வடக்க நகத்தும். முப்பத்தஞ்சு வருஷ சர்வீசு சொல்லுது.”

டீச்சர் பின்னைக் கழற்றித் தாம்பாளத்தில் போட்டுவிட்டு, முக்காட்டைப் பின்னால் முடிச்சிட்டுக்கொண்டார். தலைவர் தன் சாவிக்கொத்தையும் எல்லோரும் பார்க்கும்படி போட்டார்.

முதல் சுற்று டேப்லெட். சேரன் லேசர் பிடித்தார். வரைய வேண்டியதும் அவர்தான் என்பதால், படம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கோட்டை மட்டும் போட்டார்கள். டேப்லெட்டைத் தலைவரே இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு பின்னால் வந்தார், உற்சவமூர்த்தியைத் தூக்கி வருவது போல. வட்டம் மூடியது. புறப்பட்ட புள்ளிக்கும் வந்து சேர்ந்த புள்ளிக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. தலைவர் எங்களைப் பார்த்த பார்வையில் ஒரு முழு உரை இருந்தது.

இரண்டாம் சுற்று ஸ்கேன் மெஷின். “இத நானே அளக்குறேன். நாளைக்கி சேரன் அட்ஜஸ்ட் பண்ணிட்டான்னு யாரும் பேசக் கூடாது” என்று தலைவர் லேசரை வாங்கிக்கொண்டார். நெஞ்சுக்கு நேராக வைத்து, கண்ணைச் சுருக்கி, ஒவ்வொன்றாக அழுத்தினார். டீச்சர் பின்னால் நின்று சுவரும் வளைவும் தூணும் வரைந்துகொண்டே வந்தார். வாசலுக்கு வந்து பார்த்தால், திரையில் கோடு வாசலுக்கு வரவில்லை. கிடங்கைத் தாண்டி, தெருவைத் தாண்டி, எதிர்வீட்டுக் கிணற்றடியில் போய் நின்றது.

நூருல் அமீன் அப்போதுதான் டீத் தட்டோடு படியிறங்கி வந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் மூன்றாவது படியிலேயே நின்றுவிட்டார்.

“கூரியர் மெஷினு கூரியர் வேலையத்தான் செய்யிது. வேற வீட்டுல கொண்டு போய் டெலிவரி குடுத்திருச்சி” என்றார் தலைவர். அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே நல்ல நகைச்சுவை அது. அந்த நேரத்தில் சிரிக்க முடியவில்லை.

டீச்சர் இரண்டு திரைகளையும் அருகருகே வைத்து உட்கார்ந்துகொண்டார். கண் கலங்கவில்லை, மூக்கு மட்டும் சிவந்திருந்தது.

“தலைவரே, அளக்குறது லேசரு. இது வாங்கி எழுதுறதோட சரி. நோட்ட மாத்துனா கணக்கு மாறுமா?”

“இதுல ஸ்பீக்கரு இருக்குது, அதுல காந்தம் இருக்குது. அதான்” என்றார் தலைவர்.

“இருந்திச்சின்னா தெரியும்.” டீச்சர் லேசரை ஒரு செங்கல் திட்டில் வைத்தார். ஸ்கேன் மெஷினைக் கை நீளத்தில் கொண்டு வந்தார், திசை அசையவில்லை. “வரையிறப்ப இத விடத் தள்ளித்தான் நின்னேன். அப்புறம் இங்க பாருங்க. ரெண்டு சுத்துலயும் தூரம் ஒண்ணு. சரிவு ஒண்ணு. திசை மட்டும் வேற. சேரன், நீங்க ஒரு தரம் அழுத்துங்க.”

சேரன் அழுத்தினார்.

“தலைவரே, அதே இடம், நீங்க அழுத்துங்க.”

தலைவர் அழுத்தினார். திசை நன்றாக விலகி விழுந்தது.

“சேரனுக்குக் கை நடுங்குது” என்றார் தலைவர்.

“சரி, யாரும் தொட வேணாம்.” லேசரை மறுபடி திட்டில் வைத்தார். “தலைவரே, கொஞ்சம் கிட்ட வாங்க.”

வந்தார். வடக்கு நகர்ந்தது.

“தள்ளிப் போங்க.”

போனார். வடக்கு திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது.

இன்னும் இரண்டு முறை வந்து போனார். பதவியில் இருப்பவர்கள் பக்கம் பலரும் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். வடக்குத் திசையே திரும்பி அன்றுதான் பார்த்தேன்.

“என்கிட்ட என்ன இருக்குது? வேட்டி. கண்ணாடி பிளாஸ்டிக்கு. மோதிரம் தங்கம். சாவிய நான் போட்டத எல்லாரும் பாத்தீங்க!” தலைவருக்குக் குரல் உயர்ந்தது. விடுவிடுவென்று வாசலுக்குப் போய், சாவி அங்கேதான் இருக்கிறது என்று காட்டுவதற்காகத் தாம்பாளத்தின் மேல் குனிந்தார். வெளிச்சம் குறைவு, பார்வையும் குறைவு. நெஞ்சு தாம்பாளத்தில் படும்வரை குனிந்து தேடினார். சாவிக்கொத்தை எடுத்து உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“இதோ!”

யாரும் சாவியைப் பார்க்கவில்லை. ‘தலைவர்’ என்ற பொன்னெழுத்தின் மேல், மெடல் போல, ஒரு சேப்டி பின் ஒட்டிக்கொண்டு நின்றது.

நூருல் அமீன்தான் வாயைத் திறந்தார். “தலைவரே, எங்க வீட்டம்மா பின்னு உங்க நெஞ்சுல இருக்குது.”

தலைவர் குனிந்து பார்த்தார். பின்னைப் பிடித்து இழுத்தார், வந்தது. விட்டார், ஓடிப்போய் மறுபடி ஒட்டிக்கொண்டது. பின் இல்லாமல் சட்டையில் நிற்கும் நவீன வகையின் ரகசியம், சட்டைக்குள் இருந்த ஒரு காந்தத் துண்டு. டேப்லெட்டை ஏந்தி வந்தபோது அவர் லேசருக்குப் பக்கத்திலேயே இல்லை. இரண்டாம் சுற்றில் லேசரை வைத்துப் பார்த்தது அந்தக் காந்தத்துக்கு நேர் எதிரே.

சேரன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது, அகலமான தோள், மறைக்க முடியவில்லை. நான் சிரிப்பதற்குத் தயாராக இருந்தேன். பல வருடம் நாற்காலி தூக்கியவனுக்கு அந்த உரிமை உண்டு என்று நினைத்தேன்.

ஆனால் தலைவர் செய்தது நான் எதிர்பார்க்காதது. பேட்ஜைக் கழற்றினார். சட்டைக்குள் கைவிட்டுக் காந்தத்தை எடுத்தார். இரண்டையும் தாம்பாளத்தில் போட்டார். கிண்ணென்று சத்தம் வந்தது. சாவிகளெல்லாம் அதைச் சுற்றிக் கூடிக்கொண்டன. பின்னைத் துடைத்து டீச்சரிடம் நீட்டினார்.

“இத்தினூண்டு இரும்புன்னு உன்னைய நிறுத்துனேன். எடுத்துக்கம்மா. சேரா, லேசர நீ புடி. டீச்சர் மெஷின வச்சி மறுபடி சுத்துங்க. நான் வெளிய நிக்கிறேன்.”

“நீங்களும் வாங்க தலைவரே” என்றார் டீச்சர். “இப்ப நீங்க சுத்தம்.”

வட்டம் மூடியது. டேப்லெட்டைவிட நெருக்கமாக மூடியது என்பதை டீச்சர் எங்களுக்கு ஒரு முறை சொன்னார், தலைவருக்கு இரண்டு முறை சொன்னார், வீட்டில் எத்தனை முறை என்பது நூருல் அமீனுக்குத்தான் தெரியும். இந்த வட்டத்துக்குள் சுவர் இருந்தது, வளைவு இருந்தது, மூலையில் நூருல் அமீன் வைத்துவிட்டுப்போன டீத் தட்டுகூட இருந்தது.

அடுத்த கூட்டத்தில் தலைவர் நீண்ட உரை ஆற்றினார். குகை அளவையில் பேட்ஜ் காந்தத்தால் வரும் பிழையைக் கண்டறிந்ததில் தன் பங்கு முக்கியமானது என்றார். உண்மைதான், காந்தம் அவருடையது.

மாசியில் டீச்சரும் சேரனும் மேகாலயா போனார்கள். அங்கிருந்து சேரன் போன் செய்தார்.

“செயலாளரே, மெஷின மூணு தரம் கீழ போட்டாங்க. நாலாவது தரம் நானே போட்டேன். சேத்துல முழுகிப் போச்சி. டீச்சரு தேடி எடுத்து ஓடையில அலசிட்டு, விட்ட எடத்துல இருந்து வரையிறாங்க. தண்ணி இடுப்புக்கு மேல. பல்லு தந்தியடிக்கிது, வாயி மட்டும் நிக்கல.”

“என்ன சொல்றாங்க?”

“மெஷினப் பாராட்டுறாங்க. அதத் தேர்ந்தெடுத்தவங்கள அதுக்கு மேல பாராட்டுறாங்க.”

கிளை முழுவதும் அளந்து முடிந்தது. உள்ளே ஒரு வளைவுக்குப் பெயர் வைக்கும் உரிமையும் கிடைத்தது. தன் பெயர்தான் வரும் என்று தலைவர் எங்களிடம் நாசூக்காகச் சொல்லி வைத்திருந்தார். முந்திரிக்கொட்டை போலவே வளைந்திருந்ததால் டீச்சர் ‘முந்திரி வளைவு’ என்று வைத்துவிட்டார். அந்தக் குழு அதைத் தமிழ் எழுத்திலேயே அச்சடித்து அனுப்பியது. குகையில்லாத எங்கள் மாவட்டத்துக்கு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பூமிக்கடியில் ஒரு வளைவு இருக்கிறது. வேறு எந்த மாவட்டத்தானாவது இப்படிச் சொல்லிக்கொள்ளட்டும், பார்க்கலாம்.

வரைபடத் திறப்பு விழா சிதம்பரத்தில் ஒரு சிறிய கல்யாண மண்டபத்தில் நடந்தது. டீச்சரின் மாணவிகள் வந்து கூடத்தை நிரப்பிவிட்டதால் நாற்காலி போதவில்லை; நான் பக்கத்துக் கடையில் கடன் வாங்கி வந்து போட்டேன். நூருல் அமீன் முதல் வரிசையில் உட்கார்ந்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும், “தண்ணி ஊத்துனது நான்தான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தலைவர் எழுந்தார். கூடம் பெருமூச்சு விட்டுத் தன்னைத் தயார்ப்படுத்திக்கொண்டது. நான் தூங்க வசதியாகச் சாய்ந்தேன்.

அவர் கையில் உரை இல்லை. வரைபடத்தின் கீழ் மூலைக்குக் கண்ணாடியைக் கொண்டு போய், அதிலிருந்ததை வாசித்தார்.

“முந்திரி வளைவுக் கிளை. அளந்தது சேரன். வரைந்தது அமீருன்னிசா. கடலூர்.”

உட்கார்ந்துவிட்டார்.

முடிந்துவிட்டது என்பதை நம்புவதற்குச் சபைக்குச் சிறிது நேரம் பிடித்தது. பிறகு கைதட்டல் எழுந்தது. டீச்சர் எழுந்து நின்று, அடக்கம் சிறிதுமின்றி, கடைசி ஓசை அடங்கும்வரை அதை முழுவதுமாக வாங்கிக்கொண்டார்.

அப்போதுதான் தலைவரின் சட்டையைக் கவனித்தேன். அதே பட்டுச் சட்டை, அதே பேட்ஜ். ஆனால் இப்போது அது ஒரு சேப்டி பின்னில் நின்றது. கனம் தாங்காமல் பட்டு இழுபட்டு, ஓட்டை முதல் வரிசைக்கே தெரிந்தது. கைதட்ட இரண்டு கையும் தேவைப்பட்டதால் அவர் அதை மறைத்துக்கொள்ளவில்லை.